அணி இருக்கு, கிளப் எங்கே? ஆசியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கும் நம்ம வட ஆற்காடும்

2024 அக்டோபரில் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நடந்த ஒரு மேட்சின் முடிவு இது: ஜப்பானின் உராவா ரெட் டைமண்ட்ஸ் 17, இந்தியாவின் ஒடிசா எஃப்.சி. 0. ஆசியாவின் முதல் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஒரு குரூப் ஆட்டம். அந்த ஒரு ஸ்கோர் மட்டும் போனுக்குப் போன் சுற்றியது. பார்த்தவர்களில் பாதிப்பேர் 'நம்ம பொண்ணுங்களுக்கு ஃபுட்பால் எல்லாம் சரிப்பட்டு வராது' என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் நவம்பரில் அதே போட்டியில், சீனாவின் வூஹான் நகரில், ஈஸ்ட் பெங்கால் பெண்கள் அணி ஈரானின் பாம் கதூன் கிளப்பை 3-1 என்று ஜெயித்தது. ஆசிய சாம்பியனான வூஹான் ஜியாங்டாவிடம் அவர்கள் சொந்த ஊரிலேயே தோற்றாலும் 0-2 தான். இந்தச் செய்தி யாருடைய போனுக்கும் அவ்வளவாக வரவில்லை.

ஒரு வருஷ இடைவெளியில் இந்தியப் பெண்களின் திறமை தலைகீழாக மாறியிருக்க வாய்ப்பில்லை. மாறியது வேறு, அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம், உலக அளவில் பெண்கள் கிளப் கால்பந்து வளர்ந்த கதையைப் பார்த்தால், அதற்கு வேண்டிய சரக்கு நம்ம பழைய வட ஆற்காட்டில் ஏற்கனவே கிடக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளலாம். உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை எல்லாம் நாட்டு அணிகளுக்கானவை. நாடு முழுக்கத் தேடி நல்ல 23 பேரைப் பொறுக்கி எடுத்து, கேம்ப் போட்டு, அனுப்பிவிடலாம். கிளப் போட்டி அப்படி இல்லை. அதற்குள் போக ஒரு நாட்டில் லீக் நடக்க வேண்டும், அந்த லீகில் ஒரு கிளப் முதலிடம் பிடிக்க வேண்டும், அந்த கிளப்புக்கு ஆசியக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். மைதானம், கோச், மருத்துவ வசதி, கணக்கு வழக்கு என்று பல காகிதங்களைக் காட்டினால்தான் உரிமம் கிடைக்கும். அதாவது இங்கே அளக்கப்படுவது ஒரு நாட்டில் நல்ல பந்தாட்டப் பெண்கள் இருக்கிறார்களா என்பதை அல்ல, அந்தப் பெண்கள் வருஷம் முழுக்க ஆட ஒரு இடம் இருக்கிறதா என்பதை.

போட்டியின் அமைப்பு சிக்கலானதில்லை. முதல்நிலைச் சுற்றில் சின்ன லீக் நாடுகளின் கிளப்புகள் மோதும். அப்புறம் 12 கிளப்புகள், 4 வீதம் 3 குரூப்பாக. ஒரு குரூப்பின் எல்லா ஆட்டங்களும் ஒரே ஊரில் நடக்கும், ஊருக்கு ஊர் பறக்கிற செலவு மிச்சம். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடம், அதோடு மூன்றாம் இடத்தில் வந்தவர்களில் நல்ல நிலையில் உள்ள இருவர், ஆக 8 கிளப் கால் இறுதிக்கு. முதல் சீசனின் இறுதி ஆட்டம் 2025 மே மாதம் வூஹானில் நடந்தது. வூஹான் ஜியாங்டாவும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் சிட்டியும் 1-1 என்று டிரா ஆகி, பெனால்டியில் 5-4 என்று வூஹான் ஜெயித்தது. சாம்பியனுக்குப் பரிசு 10 லட்சம் டாலர்.

ஆண்கள் பக்கம் ஆசிய கிளப் போட்டி 1967-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நூறு வருஷம் பின்னால் போக வேண்டும், அதுவும் இங்கிலாந்துக்கு. பிரெஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்ற தொழிற்சாலை. முதல் உலகப் போர் நேரத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, குண்டு தயாரிக்கும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். வேலை இடைவேளையில் பந்து ஆடத் தொடங்கிய அந்தப் பெண்கள் ஒரு அணியானார்கள், காயப்பட்ட ராணுவ வீரர்களுக்காக நிதி திரட்டி ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஒரு வருஷம்கூட முடியவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதில்லை, சங்கத்தில் உள்ள எந்த கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்கள் ஆட்டத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றது அது. கவனியுங்கள், பெண்களைப் பிடித்து ஜெயிலில் போடவில்லை, பந்தைப் பிடுங்கவில்லை, மைதானத்தின் கேட்டை மட்டும் பூட்டினார்கள். அது போதுமானதாக இருந்தது. அந்தப் பூட்டைத் திறக்க ஐம்பது வருஷம் ஆனது. பிரேசிலில் 1941-ல் சட்டமே போட்டுத் தடுத்தார்கள், அது 1979 வரை நீடித்தது.

இதில் எனக்கு வருத்தம் தருகிற விஷயம், இந்தியாவுக்கு அப்போது ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 1970-களில் ஆசியப் பெண்கள் கால்பந்து தொடங்கிய காலத்திலேயே நம் நாட்டு அணி களத்தில் இருந்தது. கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம், 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாம் இடம். அணியை வைத்துச் சாதித்தோம், ஆனால் அந்தப் பெண்கள் திரும்பி வந்து வாராவாரம் ஆட ஒரு லீக் இல்லை. தேசிய அளவில் பெண்கள் லீக் வருவதற்கு 2016-17 சீசன் ஆகிவிட்டது.

சரி, தாமதமாகத் தொடங்கிய ஐரோப்பா எப்படி எழுந்தது? இந்த இடத்தில்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பார்சிலோனா, லியோன், செல்சி, அர்செனல் போன்ற பெரிய ஆண்கள் கிளப்புகள் பணத்தைக் கொட்டித்தான் பெண்கள் கால்பந்து வளர்ந்தது என்று நினைக்கிறோம். அது பிற்பாதிக் கதை.

ஐரோப்பிய கிளப் கோப்பை பெண்களுக்கு 2001-02 சீசனில் ஆரம்பமானது. முதல் கோப்பையை ஜெயித்தது எஃப்.எஃப்.சி. பிராங்ஃபர்ட், பெண்களுக்கு மட்டுமேயான ஒரு கிளப். அடுத்த இரண்டு வருஷமும், 2003, 2004, கோப்பை போனது உமியோ என்ற ஊருக்கு. சுவீடனின் வடபகுதியில், வருஷத்தில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு பல்கலைக்கழக ஊர், மக்கள்தொகையில் நம்ம வேலூரைவிடச் சின்னது. அங்கே போய் ஆடித்தான் பிரேசிலின் மார்த்தா உலகத்துக்குத் தெரிந்தார், அப்போது அவருக்கு இருபது வயதுகூட முழுதாக ஆகவில்லை. 2005-ல் ஜெயித்தது டர்பைன் போட்ஸ்டாம். பெயரிலேயே தெரிகிறது, பழைய கிழக்கு ஜெர்மனியில் ஒரு மின்சார நிறுவனத்தின் தொழிலாளர் விளையாட்டு அமைப்பில் 1971-ல் பிறந்த அணி அது. 2010-ல் அவர்கள் மறுபடியும் ஜெயித்தார்கள், அதுவும் லியோனைப் பெனால்டியில் வீழ்த்தி.

அதன் பிறகு காற்று திசை மாறியது. லியோன் 2011-ல் தொடங்கி 2022-க்குள் 8 முறை ஜெயித்தது. 2015-ல் பிராங்ஃபர்ட் நான்காவது முறையாகக் கோப்பையை எடுத்ததுதான் பெண்களுக்கு மட்டுமேயான ஒரு கிளப்பின் கடைசி வெற்றி, 2020-ல் அந்தக் கிளப்பே ஐன்ட்ராக்ட் பிராங்ஃபர்ட் என்ற ஆண்கள் கிளப்போடு இணைந்துவிட்டது. 2022 ஏப்ரலில் பார்சிலோனாவும் வோல்ஃப்ஸ்பர்க்கும் மோதியபோது காம்ப் நோவில் 91,648 பேர் இருந்தார்கள். 2025-ல் லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என்று தோற்கடித்து அர்செனல் ஜெயித்தது. இன்றைக்கு ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர் கிளப் தலை தூக்குவது ரொம்பக் கஷ்டம், அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது என்றே சொல்வேன்.

ஆசியாவில் அது இன்னும் திறந்திருக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

இப்போதைய ஆட்டத்துக்கு முன்னோட்டமாக 2019-ல் கொரியாவில் ஒரு சோதனைப் போட்டி நடந்தது. ஜப்பான், கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாட்டு கிளப்புகள் மட்டும். ஜெயித்தது நிப்பான் டிவி பெலேசா, பெயரே சொல்வது போல ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கிளப். கொரியாவிலிருந்து ஆடியது இன்சியான் ஹூண்டாய் ஸ்டீல் ரெட் ஏஞ்சல்ஸ், அது ஒரு இரும்பாலையின் அணி. கொரிய லீகில் மற்ற கிளப்புகளைப் பார்த்தாலும் பெரும்பாலும் நிறுவனங்களோ நகர நிர்வாகங்களோ நடத்துபவைதான். 2022-ல் தாய்லாந்தின் சார்பில் ஆசியப் போட்டிக்கு வந்தது காலேஜ் ஆஃப் ஏசியன் ஸ்காலர்ஸ், கோன் கென் என்ற ஊரில் உள்ள ஒரு கல்லூரி. அப்புறம் முதல் ஆசிய சாம்பியன்ஸ் லீகை ஜெயித்த வூஹான் ஜியாங்டா? 'ஜியாங்டா' என்பது ஜியாங்ஹான் பல்கலைக்கழகம். ஆம், ஒரு பல்கலைக்கழகத்தோடு பிணைந்த கிளப்தான் 2025-ல் அந்த முதல் ஆசிய சாம்பியன் பட்டத்தை வாங்கியது.

கல்லூரியும் தொழிற்சாலையும். ஐரோப்பாவின் தொடக்க காலத்திலும் அதுதான், ஆசியாவில் இன்றைக்கும் அதுதான். இப்போது ராணிப்பேட்டையில் தொடங்கி ஜோலார்பேட்டை வரைக்கும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள், என்ன தெரிகிறது? வேலூரில் ஆக்சீலியம், டி.கே.எம். என்று பெண்கள் கல்லூரிகள், ஊரிஸ், வி.ஐ.டி., சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். மறுபக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல், ஷூ கம்பெனிகள், ராணிப்பேட்டையில் பெல் ஆலை, சிப்காட். ஷூ கம்பெனிகளில் தைக்கிற, ஒட்டுகிற வேலையில் இருப்பவர்களில் பெரும்பங்கு பெண்கள், காலையில் கம்பெனி பஸ் நிறைய அவர்கள்தான் போகிறார்கள். டிக் கெர் தொழிற்சாலையின் பெண்களுக்கும் இவர்களுக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம், அங்கே யாரோ ஒருவர் ஒரு பந்தையும் ஒரு மைதானத்தையும் கொடுத்தார்.

இந்தியாவின் கிளப் வரலாற்றுக்கு வருவோம், அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதியில், மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து சாம்பியன் ஆனது. தென்னிந்தியாவிலிருந்து அந்தக் கோப்பையை எடுத்த முதல் கிளப் அது. ஆனால் அதே வருஷம் ஆசியாவில் நடந்தது மேலே சொன்ன நான்கு நாட்டு சோதனைப் போட்டி. இந்தியாவுக்கு அதில் இடமே இல்லை. இந்திய சாம்பியன் ஆகியும் ஆசியாவுக்குப் போகாமல் போன சேதுவை நினைத்தால் எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

அடுத்த சீசனில் கேரளாவின் கோகுலம் ஜெயித்தது, 2021 நவம்பரில் ஜோர்டானின் அகாபாவுக்குப் போய் ஆசியப் போட்டியில் ஆடியது. அம்மான் கிளப்பிடம் 1-2, ஈரானின் சிர்ஜானிடம் 0-1, கடைசியில் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண் கோல் போட்டார், ஆசிய கிளப் போட்டியில் கோல் போட்ட முதல் இந்தியப் பெண்.

2022-ல் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கோகுலம் மறுபடியும் தேசிய சாம்பியன், இறுதிக் கட்டத்தில் அவர்களோடு மல்லுக்கட்டி இரண்டாம் இடம் வந்தது சேது. ஆகஸ்ட் நடுவில் கோகுலம் பெண்கள் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் போய் இறங்கினார்கள். சரியாக அதே நேரத்தில் ஃபிஃபா அமைப்பு, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி, அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. இடைநீக்கம் என்றால் அந்த நாட்டின் எந்த கிளப்பும் சர்வதேசப் போட்டியில் ஆட முடியாது. டெல்லியில் பதவிக்கும் தேர்தலுக்கும் நடந்த சண்டைக்கு, தாஷ்கண்ட் ஓட்டலில் பையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் விலை கொடுத்தார்கள். பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள், காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 23 அன்று நடக்க வேண்டிய அவர்கள் ஆட்டம் நடக்கவில்லை. ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. மூன்று நாள்! ஒரு வருஷ உழைப்பு மூன்று நாளில் கைநழுவிப் போனது. அந்த நிர்வாகச் சண்டையில் யார் சரி யார் தவறு என்பது வேறு பேச்சு. ஆனால் அதற்காக ஆட முடியாமல் திரும்பி வந்த ஒரே கிளப் பெண்கள் கிளப் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. கோகுலத்தை விட்டு சைப்ரஸின் அப்போலோன் கிளப்புக்குப் போயிருந்த மனிஷா கல்யாண், ஆகஸ்ட் 18 அன்று ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் களமிறங்கினார், அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர். வெளிநாட்டு கிளப் வழியாகப் போனவருக்கு வழி திறந்தது, நம் நாட்டு கிளப் வழியாகப் போனவர்கள் ஓட்டல் அறையில் இருந்தார்கள்.

இப்போது அந்த 17-0 கணக்கைப் பார்க்கலாம். ஒடிசா எஃப்.சி. சாம்பியன் ஆன 2023-24 லீகில் 7 கிளப், ஒவ்வொன்றுக்கும் 12 ஆட்டம். 2024 மார்ச்சில் லீக் முடிந்தது. அடுத்த லீக் தொடங்கியது 2025 ஜனவரியில். நடுவில் அக்டோபரில் ஆசியப் போட்டி. அரை வருஷத்துக்கு மேலாக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல், முதல்நிலைச் சுற்றில் ஆடிய ஆட்டங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உராவாவுக்கு எதிரே போய் நின்றார்கள். உராவா ஆடும் ஜப்பான் லீகில் 12 கிளப், அதாவது வருஷத்துக்கு 22 லீக் ஆட்டம், அது போக கோப்பைப் போட்டிகள், பெரும்பாலும் முழுநேரத் தொழிலாக ஆடுகிறவர்கள், சீசனும் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கீழ் வகுப்பிலிருந்தே அந்த கிளப்பிலேயே வளர்ந்த பெண்கள் அங்கே பலர். இந்தப் பின்னணியைச் சொல்லாமல் ஸ்கோரை மட்டும் காட்டினால் அது ஆடிய பெண்களுக்குச் செய்கிற அநியாயம். அன்றைக்கு அந்தப் பெண்கள் 17 தடவை வலையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி விசில் வரை ஆடினார்கள், எனக்கு அதில் கேவலமாக எதுவும் தெரியவில்லை.

2025-ல் ஈஸ்ட் பெங்காலுக்கும் இதே இடைவெளிதான், ஏப்ரலில் முடிந்த லீகுக்கு அப்புறம் அடுத்த லீக் டிசம்பரில். ஆனால் அவர்கள் செய்த வேலை வேறு. அணியைக் கலைக்கவில்லை. கோகுலத்தை இரண்டு முறை சாம்பியன் ஆக்கிய கோச் ஆந்தனி ஆண்ட்ரூஸ் கையில் பொறுப்பு இருந்தது. முந்தைய லீகில் கோகுலத்துக்காகக் கோல் மழை பொழிந்த உகாண்டாவின் ஃபசிலா இக்வாபுட்டைக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்டில் கம்போடியாவின் புனோம் பென்னில் முதல்நிலைச் சுற்று, உள்ளூர் கிளப்பை 1-0 என்று ஜெயித்து, ஹாங்காங்கின் கிட்சியோடு 1-1 டிரா செய்து மேலே வந்தார்கள். குரூப்பில் ஈரான் கிளப்பை ஜெயித்தார்கள், கடைசி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானின் நசாஃபிடம் 0-3 என்று தோற்றதால் கால் இறுதிக்குப் போகவில்லை. நூறு வருஷம் கடந்த ஒரு கிளப் தன் பெண்கள் அணியையும் கிளப்பாகவே நடத்தினால் ஒரே வருஷத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது போதும்.

இனி நம்ம பக்கத்து நிலைமை. பந்தாட்டத்தில் ஆர்வமுள்ள ஒரு பொண்ணு குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பி.டி. டீச்சர் அமைந்தால் குறுவட்டப் போட்டிக்குப் போவாள், அங்கே ஜெயித்தால் மாவட்டம், அப்புறம் மண்டலம், மாநிலம். முதலமைச்சர் கோப்பை உண்டு, பாரதியார் தினப் போட்டி உண்டு. ரொம்ப நன்றாக ஆடினால் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் இடம் கிடைக்கலாம். இதெல்லாம் நல்ல ஏற்பாடுதான். கடலூர் பக்கத்திலிருந்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் மாதிரியான ஆட்டக்காரர்கள் இந்திய அணிக்கே போயிருக்கிறார்கள். தமிழ்நாடு பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன்.

ஆனால் இந்த ஏணி முழுக்க அணிகளால் ஆனது, கிளப்புகளால் ஆனதில்லை. பள்ளி அணி, மாவட்ட அணி, மாநில அணி, எல்லாமே திருவிழாவுக்குப் போடும் பந்தல் மாதிரி, போட்டி வரும்போது எழும்பும், முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். வீட்டில் கேட்பதும் சான்றிதழைத்தான், அதில் தப்பு சொல்ல மாட்டேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டு, போலீஸ் வேலை, ரயில்வே வேலை என்று ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கையில் கிடைக்கிற பலன் அது. இந்துமதியே போலீஸ் எஸ்.ஐ. ஆனவர்தான். ஆனால் சான்றிதழ் வாங்கியதும் ஆட்டம் நின்றுவிடுகிறது. பிளஸ் டூ முடித்த பொண்ணுக்கு வேலூரில் வாராவாரம் ஆட ஒரு பெண்கள் லீக் இருந்தால்தானே அடுத்த வாரமும் ஷூவைக் கட்டுவாள்? கோட்டை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், பையன்கள் இருக்கிற இடத்தில் பொண்ணுங்க எத்தனை பேர் என்று.

ஊரில் தொடர்ச்சி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணமே வேண்டாம். சத்துவாச்சாரியில் தலைமுறை தலைமுறையாக எடை தூக்குகிற பழக்கம் உண்டு. அப்பா தூக்கினார், அண்ணன் தூக்கினான், சாயங்காலம் ஆனால் கூடத்தில் கம்பி சத்தம் கேட்கும். அங்கிருந்துதான் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். அவருக்குப் பின்னால் நிரந்தரமாகத் திறந்திருந்த ஒரு கூடம் இருந்தது. பெண்கள் கால்பந்துக்கு அப்படி ஒன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்ற இந்த மூன்று மாவட்டத்தில் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். மேல்மட்டத்தில் பணம் வந்துகொண்டிருக்கிறது. கண்டங்களின் சாம்பியன்கள் மோதும் ஃபிஃபா பெண்கள் சாம்பியன்ஸ் கோப்பை முதல் முறையாக 2026 தொடக்கத்தில் லண்டனில் முடிந்தது, அர்செனல் பிரேசிலின் கொரிந்தியன்ஸை கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்தது, பரிசு 23 லட்சம் டாலர். 2028 ஜனவரியில் 19 அணிகளோடு பெண்கள் கிளப் உலகக் கோப்பை முதல் தடவையாக நடக்கப் போகிறது. ஆனால் அந்தப் பணம் மேலே இருக்கிறவர்களுக்குத்தான், அது வழிந்து குடியாத்தம் வரை வரும் என்று நான் நம்பவில்லை. கீழே தேவைப்படுவது அவ்வளவு பெரிய தொகையும் இல்லை. ஒரு கல்லூரி மைதானம், ஒரு முழுநேர கோச், இருபது இருபத்தைந்து பெண்களுக்குச் சாப்பாடும் பஸ் செலவும், பக்கத்து ஊர்களோடு வாராவாரம் மேட்ச். கல்லூரி மைதானத்தைக் கொடுக்கட்டும், ஆம்பூர், ராணிப்பேட்டைக் கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கோச் சம்பளத்தையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளட்டும். ஷூ ஏற்றுமதி செய்கிற ஊரில் பெண்களுக்கு கால்பந்து ஷூ கிடைப்பது பெரிய காரியமாகவா இருக்கப் போகிறது? மாணவிகளோடு கம்பெனிப் பெண்களும் சேர்ந்து ஆடலாம், கிளப் என்றால் படிக்கிறவர் வேலை செய்கிறவர் என்ற பிரிவு தேவையில்லை. மாவட்டச் சங்கத்தில் பதிவு, அப்புறம் மாநில லீக், அதில் ஜெயித்தால் தேசிய இரண்டாம் டிவிஷன், அதற்கு மேலே இந்தியப் பெண்கள் லீக், அதில் முதலிடம் பிடிக்கிற கிளப்பைத்தான் ஆசியா கூப்பிடுகிறது. இந்தியப் பெண்கள் லீகின் உச்சிக்கு மதுரை ஏற்கனவே ஏறியிருக்கிறது, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முதலில் தீர்க்க வேண்டியது நேரம் என்று எனக்குத் தோன்றுகிறது. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் யாரும் ஓட முடியாது. ஆனால் பெண்கள் விடுதிகள் பலவற்றில் ஆறு, ஆறரைக்கே கேட்டைச் சாத்திவிடுகிறார்கள், வீட்டிலிருந்து வருகிற பெண்களுக்கோ இருட்டினால் கடைசி டவுன் பஸ் பயம். மைதானத்தில் விளக்கு, எட்டு மணிவரை விடுதி அனுமதி, ஆட்டம் முடிந்ததும் காட்பாடி, பாகாயம், சத்துவாச்சாரிப் பக்கம் இறக்கிவிட ஒரு வேன். இந்த மூன்றையும் செய்து கொடுக்க ஒரு கல்லூரி நிர்வாகம் முன்வந்தால், பயிற்சியை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.